சங்குமலைத் தீவில் பவுல்சாமி

மயிலாப்பூரில் கடல் பக்கத்து மாதா கோவில் பங்கு ஒன்றின் சமூகக்கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த பேசாப் படத்துக்குள் பவுல்சாமி எழுந்து நடந்து போனது போன வருஷம் பிப்ரவரி மாதம் இரண்டாம் ஞாயிறு, மாலை ஐந்து நாற்பதுக்கு. அன்று காலை வஞ்சிரம் கிலோ தொள்ளாயிரத்துக்குப் போயிற்று, சங்கரா நானூறு. போனவருக்கு வயது அறுபத்து மூன்று. பொதுப்பணித் துறையில் தபால் அனுப்பும் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரைக்கு ஒரு மாத்திரை, பிரஷருக்கு அரை மாத்திரை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவர், செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் ஜோடியாக வைத்தார், நடுப்பாதை வழியாக மேடை ஏறினார், படம் விழுந்துகொண்டிருந்த வெள்ளைச் சுவருக்குள் வலது காலை வைத்தார். வைத்த கால் சாம்பல் நிறமானது. மீதி ஆளும் பின்னாலேயே போய்ச் சாம்பல் ஆனார். மேடை ஓரத்தில் நின்று படத்தின் எழுத்தட்டைகளைப் படித்துக்கொண்டிருந்த அவர் மனைவி மர்சலின் டீச்சருக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். முப்பத்தொரு வருஷமாக எழுந்திருங்க, எழுந்திருங்க என்று கத்திக் கத்தித் தொண்டை வறண்டது அவளுக்கு. ஒரு நாளாவது முதல் கூப்பாட்டுக்கு எழுந்திருப்பாரா? எவனோ ஒரு கலகக்காரன் கூப்பிட்டதும் தலையைக்கூட வாரிக்கொள்ளாமல் போய்விட்டார். பயம் வந்தது அதற்குப் பிறகு.

படத்தின் பெயர் ‘சங்குமலைத் தீவின் கலகம்’. கூடத்துக்கு நூறு வயது ஆகிறதென்று வெள்ளையடிக்கப் போனபோது பரணில் ஒன்பது தகர டப்பாக்கள் கிடைத்தன, கூடவே கதைச் சுருக்கம் அச்சிட்ட ஒரு சின்னப் புத்தகம். அடையாறு ஆற்று முகத்தில் இருக்கும் திட்டில் அந்தக் காலத்தில் யாரோ ஒரு கம்பெனிக்காரர் எடுத்த படம். கடல் தாண்டி வரும் கவர்னர் மூன்று கப்பலில் வந்து இறங்கி, தீவில் கொடி நடுகிறான். தீவுத் தலைவன் கலகம் செய்கிறான். கவர்னரின் இளம் கேப்டன் தலைவனின் தங்கையைப் பார்த்து மயங்கி அந்தப் பக்கம் தாவிவிடுகிறான். கடைசி ரீலில் கலகக்காரர் பதினொரு பேரைப் பாறையோரம் நிறுத்திச் சுடுகிறார்கள், காதலர்கள் மட்டும் கட்டுமரத்தில் தப்பிப் போகிறார்கள், முற்றும். கவர்னரும் சிப்பாய்களும் பங்குக் குடும்பத்து ஆண்கள், அவர்களிடம்தான் கால்சட்டை இருந்தது. கலகக்காரர்கள் பக்கத்துக் குப்பத்து மீனவர்கள், அவர்களிடம் உடம்பு இருந்தது. கவர்னராகப் பஞ்சு தாடி ஒட்டிக்கொண்டு நின்றது கூடக் கமிட்டிச் செயலாளர் கிளிஃபர்டின் கொள்ளுத்தாத்தா. நூற்றாண்டு விழாவில் அந்தப் படத்தைப் போட்டே ஆகவேண்டும் என்று கிளிஃபர்ட் ஒற்றைக் காலில் நின்றதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. சிந்தாதிரிப்பேட்டையில் கையால் சுற்றும் பழைய புரொஜெக்டர் வைத்திருந்த ஹபீபுர் ரஹ்மானை அவனே போய் அழைத்து வந்தான்.

பேசாப் படத்துக்கு நடுநடுவே பூக்கரை போட்ட கறுப்பு அட்டையில் எழுத்து வரும். மேலே தமிழ், நடுவே தெலுங்கு, கீழே இங்கிலீஷ். அந்தக் கூடத்தில் அதை யாராவது ஒருவர் உரக்கப் படிப்பது ஆதியிலிருந்து வழக்கம். இப்போது எல்லோருக்கும் எழுத்து தெரியும் என்றாலும் வழக்கம் வழக்கம்தானே, மர்சலின் டீச்சரை நிற்க வைத்தார்கள். இருபத்தெட்டு வருஷமாக ஞாயிறு பூசையில் முதல் வாசகம் அவள்தான் படிக்கிறாள். ஒரு கால்புள்ளியைக்கூட விழுங்கியதில்லை, தன் சொந்தச் சரக்காக ஓர் எழுத்தைச் சேர்த்ததில்லை. அன்றைக்குத்தான் சேர்த்தாள். எட்டாவது ரீலில் தீவுத் தலைவன் கையை நீட்டி, ‘என்னுடன் வர மனமுள்ளோர் எழுந்து வருக’ என்ற அட்டை வந்தது. அதைப் படித்து முடித்த வாய், பூசையில் வாசகம் முடிந்ததும் சொல்லிச் சொல்லி வந்த பழக்க தோஷத்தில், “இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு” என்றது. கூடத்தில் இருந்த இருநூறு பேரும், அவர்களுக்கும் அதே தோஷம், “இறைவா உமக்கு நன்றி” என்று ஒரே குரலில் பதில் சொல்லிவிட்டார்கள். அப்படிப் படித்து அப்படிப் பதில் சொன்னால் அது நடந்து முடிந்த காரியம் என்று அந்தப் பங்கில் பால்மணம் மாறாத பிள்ளைக்கும் தெரியும். வர மனமுள்ளவர் ஒரே ஒருவர்தான் இருந்தார் போல, அவர் எழுந்து போனார்.

ஹபீபுர் ரஹ்மான் பதறிப்போய்ச் சுற்றுவதை நிறுத்தினார். படம் நிற்கவில்லை. விளக்கை அணைத்தார், ரீலையே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சுவரில் தென்னை ஆடிக்கொண்டிருந்தது, அலை வந்துகொண்டிருந்தது, டெரிகாட்டன் பேன்ட்டும் அரைக்கைச் சட்டையுமாகப் பவுல்சாமி கலகக்காரர்கள் நடுவே நின்று ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். “டீச்சர்ம்மா, நான் கைய எடுத்துட்டேன். அது பாட்டுக்கு ஓடிக்கினு கீது, நான் இன்னா பண்றது?” என்று அவர் அழாத குறையாகச் சொன்னார். மர்சலின் சுவரைத் தட்டிப் பார்த்தாள். சுண்ணாம்பு கையில் ஒட்டியது. அவ்வளவுதான்.

மறுநாள் காவல் நிலையத்துக்குப் போனாள். காணாமல் போனவர் என்று எழுத வந்த ஏட்டு, ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரியுமா என்று கேட்டார். கூடத்துச் சுவரில் இருக்கிறார் என்றாள். இருக்கும் இடம் தெரிந்தால் அவர் காணாமல் போனவர் ஆகமாட்டாரே அம்மா என்று பேனாவை மூடிவிட்டார், ரொம்ப மரியாதையாகத்தான். மறைமாவட்டத்துக்குப் பங்கு ஃபாதர் எழுதிய கடிதத்துக்கு, பொறுமையுடன் ஜெபிக்கவும் என்று பதில் வந்தது. கோட்டூர்புரம் நூலகத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போய் நாலு நாள் உட்கார்ந்து பார்த்தாள். பேசாப் படங்களைப் பற்றி அலமாரி நிறையப் புத்தகம் இருந்தது, போனவர் திரும்பி வரும் வழி ஒன்றில்கூட இல்லை. ஊரில் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அதைக் கேட்கத்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்த வீட்டுக்கு வருகிற மாதிரி பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தார்கள். மனிதர் அங்கே சுவரில் ஈட்டியைக் குடை மாதிரி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறார், இவர்கள் இங்கே பிஸ்கட் கொடுக்கிறார்கள்.

தினம் மாலை பள்ளி விட்டதும் மாத்திரையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போவாள். சுவரில் நீட்டுவாள், உள்ளே போகாது. திட்டுவாள், அது மட்டும் உள்ளே போகும். அவர் வாயசைப்பார், சத்தம் வராது, சற்று நேரம் கழித்து அட்டை வரும். அதுவும் எப்படி வந்தது என்கிறீர்கள்? வீட்டில் ‘ம்’, ‘சரி’, ‘போடு’ என்று மூன்று சொல்லில் குடித்தனம் நடத்திய மனிதர், பீரோ சாவி எங்கே என்று கேட்டால், ‘பிரிய நாயகியே! பேழையின் திறவுகோலானது தொலைக்காட்சிப் பெட்டியின் சிரசின்மேல் சயனித்துள்ளது’ என்று பூக்கரை போட்டுச் சொன்னார். அதையே தெலுங்கிலும் சொன்னார், இங்கிலீஷிலும் சொன்னார். அவள் வாய்விட்டுப் படிக்கும்வரை அந்த அட்டை ஒரேயடியாகப் போகாது. போய்ப் போய் வரும். கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் சுப்பம்மா ஆந்திரப் பக்கம், அவள் தெலுங்கைப் படித்துவிட்டுத் துடைப்பத்தோடு சிரித்தாள். புருஷன் பெண்டாட்டி பேச்சை மூன்று பாஷையில் ஊர் படிக்கிறதே என்று மர்சலினுக்கு உடம்பு கூசியது. அடுத்த வாரம் தோசை மாவு எத்தனை நாள் தாங்கும் என்பதுவரை பங்கு முழுக்கத் தெரிந்துபோயிற்று.

கூடம் சும்மா இருக்குமா? ஏப்ரலில் ஈஸ்டர் முடிந்ததும் அதே பங்கைச் சேர்ந்த ஜாக்சனின் மகள் டீனாவுக்கு அங்கே கல்யாண ரிசப்ஷன். ஆறு மாதம் முந்திப் பிடித்த தேதி. மேடையில் மாப்பிள்ளை பெண், பின்னால் சுவரில் ஆயுதம் தீட்டும் கலகக்காரர்கள். போட்டோகிராபர், “அண்ணே, கொஞ்சம் லெஃப்ட்ல தள்ளி நில்லுங்கண்ணே” என்று சுவரைப் பார்த்துச் சொன்னான், தள்ளி நின்றார்கள். பவுல்சாமி கல்யாணப் பெண்ணுக்குக் கும்பிடு போட்டார். முந்நூறு பேர் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் வாயசைத்தார். மர்சலின் நெற்றியில் அடித்துக்கொண்டாள், இப்போது எந்தச் சாவியோ என்று. வந்த அட்டையில் பூக்கரை இல்லை. நாயகி இல்லை, சிரசு இல்லை. ‘தொண்ணூற்றெட்டில் குழந்தை தங்காமல் போன அன்று நான் ஒரு வார்த்தை உன்னிடம் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. பஸ் வந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன்.’ தமிழில் இருந்தது, தெலுங்கில் இருந்தது, இங்கிலீஷில் இருந்தது. பந்தியில் கைகள் நின்றன. பரிமாற வந்த தெலுங்குப் பையன்கள் வாளியைக் கீழே வைத்தார்கள். அவள் படிக்காமல் அது போகாது. அவள் கல்யாண வீட்டு நடுவில் எழுந்து நின்று, வாசகம் படிக்கும் குரல் வராமல், வேறு ஏதோ குரலில் படித்தாள். பிறகு தயிர்ப் பச்சடி வேண்டாமென்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். கோபம், கோபம், அவ்வளவு கோபம். இருபத்தேழு வருஷம் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு சொல்லாததை, இத்தனை பேர் எச்சில் கையோடு பார்க்கச் சொல்ல வேண்டுமா? சொன்னாரே என்பதும் இருந்தது. அன்று முதல் அவள் ஒன்றே ஒன்றுக்குத்தான் பயந்தாள்: வாய் திறந்து பேச ஆரம்பித்திருக்கிற இந்த மனிதரைக் கடைசி ரீலில் சுட்டுவிடுவார்களே.

அதற்குள் கமிட்டி கூடியது. மே மாதம் முழுக்க முகூர்த்தம், ஜூனில் மறைக்கல்விப் பரீட்சை. படம் முடிந்தால்தான் சுவர் காலியாகும், ஆகவே வருகிற ஞாயிறு ஒன்பதாவது ரீலை ஓட்டி முடிப்பது என்று தீர்மானம் போட்டார்கள். டீச்சர் படித்தால் மட்டுமே படத்தில் காரியம் நடக்கிறது என்பதையும் சோதித்துப் பார்த்திருந்தார்கள். ‘புறப்படுங்கள்’ என்றோர் அட்டை வந்தபோது கிளிஃபர்ட் படித்தான், டீச்சரின் எதிர்வீட்டு ரெனிட்டா மைக் வைத்துப் படித்தாள், ஃபாதரே ராகம் போட்டுப் படித்தார். சுவரில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. மர்சலின் ஜலதோஷத் தொண்டையோடு முணுமுணுத்தாள், மொத்தப் படையும் புறப்பட்டது. “கடைசி ரீல் பத்து நிமிஷம்தான் டீச்சர்” என்று கிளிஃபர்ட் கெஞ்சினான். அவளிடம் எட்டாம் வகுப்பில் படித்தவன், அவளை நிமிர்ந்து பார்க்காமல் கெஞ்சினான். “ஐயாவை அதுக்குள்ள வெளிய வரச் சொல்லிடுங்க. அவர் வந்தா நாங்க வேணாம்னா சொல்லப்போறோம்?”

வரச் சொல்லாமலா இருந்தாள்? கதைச் சுருக்கப் புத்தகத்தைத் திறந்து, கடைசிப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள். அவர் கிட்டே வந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி, ஆபீஸ் தபாலைப் படிக்கிற நிதானத்தில் இரண்டு தடவை படித்தார். பிறகு போய்த் தீவுக்காரர்களிடம் சொன்னார். அவர்கள் மணலில் வட்டமாக உட்கார்ந்து வெகுநேரம் கேட்டார்கள். தலைவன் தோளைக் குலுக்கினான். ‘இது அவர்களுக்குத் தெரிந்ததே’ என்று அட்டை வந்தது. ‘படம் ஓடிய ஒவ்வொரு முறையும் சுடப்பட்டுள்ளார்கள். வேண்டாமென்று யாரும் சொல்லக் கேட்டதில்லையாம்.’ அதற்கு நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள், முப்பத்து நான்கு வருஷத்தில் ஒரு வேலைநிறுத்தத்தில் கையெழுத்துப் போட்டீர்களா, தண்ணீர் லாரிக்காரன் குடத்தைத் தள்ளிவிட்டபோது வாயைத் திறந்தீர்களா, இந்தத் தீவுக்கா வந்து வீரம் காட்ட வேண்டும், என்று அவள் பொரிந்து தள்ளினாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ‘இவர்களை விட்டு எப்படி வர?’ என்று மட்டும் அட்டை வந்தது. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் புத்தகத்தைச் சுவரில் எறிந்தாள். அது தீவுக்குள் போகாமல் கீழே விழுந்தது.

ஞாயிறு அன்று கூடம் நிரம்பி வராந்தாவிலும் ஆள் நின்றார்கள். குப்பத்திலிருந்து மாசிலாமணியும் மீன் விற்கும் ஜான்சியும் சொந்தக்காரர்களோடு வந்திருந்தார்கள். பாறையோரம் நிற்கப் போகிறவர்களில் மூன்று பேர் அவர்கள் வீட்டுப் பெரியவர்கள். ஹபீபுர் ரஹ்மான் ஒன்பதாவது ரீலை மாட்டிச் சுற்றத் தொடங்கினார். மர்சலின் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் அட்டையாகப் படித்தாள். இருபத்தெட்டு வருஷத்துக் குரல், பிசிறே இல்லை. ‘விடியலில் கலகக்காரர் சூழப்பட்டனர்.’ சூழப்பட்டார்கள். ‘பதினொருவரும் பாறையருகே நிறுத்தப்பட்டனர்.’ நிறுத்தப்பட்டார்கள், எண்ணினால் பன்னிரண்டு. வரிசையின் கடைசியில் சட்டைப் பையில் பேனாவோடு பவுல்சாமி நின்றார், ரேஷன் கடை வரிசையில் நிற்கிற மாதிரி கொஞ்சம் சாய்ந்து. சிப்பாய்கள் துப்பாக்கியைத் தூக்கினார்கள். கவர்னர் வாளை உயர்த்தி வாயசைத்தான். அட்டை வந்தது: ‘சுடுக!’

மர்சலின் வாயை மூடிக்கொண்டாள். அவள் வேறு எதையாவது மாற்றிப் படிப்பாள் என்றுதான் கூடத்தில் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள். மாற்றிப் படிப்பதா, அவளா? எழுதியதை மாற்ற அவளுக்கு நாக்கு வராது. படிக்காமல் இருக்க வந்தது. கண்ணாடியைக் கழற்றி, மடித்து, உறையில் போட்டு, உறையைக் கைப்பைக்குள் வைத்தாள். கிளிஃபர்ட் ஓடி வந்தான். “டீச்சர், ஒரே ஒரு வார்த்தை.” “அந்த ஒரு வார்த்தையை நீயே படியேன். உங்க கொள்ளுத்தாத்தா சொன்னதுதானே” என்றாள். அவன் படித்தான். நரம்பு புடைக்கப் படித்தான். ஒரு சிப்பாயின் விரல்கூட அசையவில்லை. கூட்டத்தில் சலசலப்பு, ஒரு பக்கம் படிங்க என்றது, குப்பத்துப் பக்கம் “வாணாம்மா, உட்டுடு, படிக்காத” என்றது. அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துச் சுவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். “ஏங்க” என்றாள் அவரைப் பார்த்து. “நீங்க பாட்டுக்கு அங்க நின்னுட்டீங்க. சுட்டுட்டாங்கன்னா நான் என்ன பண்ணுவேன்? வீட்டுக்குப் போய் யாரைத் திட்டுவேன்? எனக்குப் பயமா இருக்குங்க. சொல்லுங்க, அதுக்கு என்ன பதில்? மூணு பாஷையிலயும் சொல்லுங்க.” முப்பத்தொரு வருஷத்தில் அவளும் அப்படிச் சொன்னதில்லை. அவர் வாயசைத்தார். கவர்னரின் அட்டை இன்னும் படிக்கப்படாமல் முன்னால் நின்றதால் அவருடைய அட்டை வர வழியில்லாமல் போயிற்று.

அதன் பிறகு பத்தொன்பது நாள் அப்படியே நின்றது. ‘சுடுக!’ நிமிஷத்துக்கு ஒரு தடவை வரும், யாரும் படிக்க மாட்டார்கள், போகும். அந்தச் சுவருக்கு முன்னால் மூன்று கல்யாணம், ஒரு ரத்ததான முகாம், பெண்கள் சங்கத்தின் ஊறுகாய் விற்பனை எல்லாம் நடந்து முடிந்தன. மர்சலின் தினமும் வந்து நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள், விடைத்தாள் திருத்தினாள். வாசகம் படிக்கும் பொறுப்பிலிருந்து அவளை விலக்க வேண்டுமென்று கிளிஃபர்ட் ஒரு மனு தயார் செய்தான்; ஃபாதர் அதை வாங்கி வைத்துக்கொண்டார், இன்னும் வைத்திருக்கிறார். பதினோராம் நாள் சிப்பாய்களுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. பதினாலாம் நாள் ஒருவன் துப்பாக்கியைக் கீழே ஊன்றினான், மறுநாள் எல்லோரும் ஊன்றினார்கள். அட்டையில் எழுத்து நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே வந்து, கடைசியில் பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாத அளவுக்குப் போனது. இருபதாம் நாள் காலை கவர்னர் வாளை உறையில் போட்டு, பஞ்சு தாடியைப் பிய்த்து வேர்வையைத் துடைத்துக்கொண்டான். கொடியைப் பிடுங்கிச் சுருட்டி எடுத்துக்கொண்டு, மூன்று கப்பலோடும் தெற்கே போனான். கேப்டனும் தலைவனின் தங்கையும் அதற்கு முந்தியே கட்டுமரத்தில் போயிருந்தார்கள். யாரும் துரத்தாததால் மெதுவாகவே போனார்கள்.

அன்று சனிக்கிழமை. பதினொரு மணிக்குச் சுப்பம்மா மேடையைத் துடைத்து முடித்திருந்தாள். சுவரிலிருந்து பன்னிரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக இறங்கி வந்தார்கள், காலெல்லாம் கடல் மணல். “இன்னாய்யா இது, இப்பத்தான தொட்ச்சேன்! இட்ப்பு உட்டுப் பூட்ச்சு எனக்கு” என்று அவள் கத்திய சத்தம் தெருமுனை டீக்கடைவரை கேட்டது. மன்னிப்புக் கேட்கிற தோரணையில் பன்னிரண்டு பேரும் குனிந்தார்கள். சுவரில் அவர்களுக்குப் பின்னால் வெள்ளைதான் இருந்தது. நிறம் மட்டும் திரும்பவில்லை. மயிலாப்பூர் வெயிலில் சாம்பல் சாம்பலாகத்தான் நடந்தார்கள், பழைய படத்தில் நடக்கிற மாதிரி எல்லோரையும்விடக் கொஞ்சம் வேகமாக. குப்பத்தில் சேதி போய், மாசிலாமணி அவர்களைத் தன் வீட்டுக்கு அழைத்தான், ஜான்சி அழுதுகொண்டே ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவர்கள் சிரித்தார்கள், கும்பிட்டார்கள், ஆனால் பவுல்சாமி பின்னாலேயே போனார்கள். அந்த ஊரில் அவர்களுக்குத் தெரிந்தவர் அவர் ஒருவர்தானே.

மர்சலின் அன்று கூடத்துக்குப் போகவில்லை, காஸ் சிலிண்டர் வருகிற நாள். மணி அடித்ததும் சிலிண்டர் என்றுதான் கதவைத் திறந்தாள். இரண்டாம் மாடி வாசலில் பவுல்சாமி நின்றார். அவருக்குப் பின்னால் படிக்கட்டில் முதல் மாடிவரை பதினொரு பேர், ஈட்டிகளை எதிர்வீட்டு ரெனிட்டாவின் செருப்பு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துவிட்டு, முழங்கால்வரை ஈரமாக நின்றார்கள். அவள் அவரைத் தொட்டுப் பார்த்தாள். கன்னம் சூடாக இருந்தது, சாம்பல் கையில் ஒட்டவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதாள். அழுது முடித்ததும் கண் படிக்கட்டுப் பக்கம் போயிற்று. “வந்தீங்க, சரி. இத்தனை பேரை எதுக்குங்க கூட்டிட்டு வந்தீங்க? ஒரு பெட்ரூம் வீட்டுல எங்க படுக்க வைக்கிறது? யாரைக் கேட்டு? ஒரு வார்த்தை முன்னாடியே சொல்ல வேணாமா?”

அவர் வாயசைத்தார். சத்தம் வரவில்லை. ஹாலில் காலண்டருக்குப் பக்கத்துச் சுவரில் அட்டை வந்தது, பூக்கரை இல்லாமல், இந்தத் தடவை தமிழில் மட்டும். ‘ஆஸ்பத்திரியில் நீ, வீடு நிறைய ஆள் இருக்கணும்னு ஆசைப்பட்டேன் என்று சொன்னாய். அன்றைக்குத்தான் பஸ்ஸைப் பார்க்கப் போனேன்.’ அவள் அதைப் படித்தாள். கீழ்ப் படியில் நின்றவனுக்குக்கூடக் கேட்கிற மாதிரி, ஒரு சொல்லும் விழுங்காமல் படித்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “காலைத் துடைச்சிட்டு உள்ள வாங்க, மணல் உதிருது” என்று பதினொரு பேரையும் பார்த்துச் சொன்னாள். ரெனிட்டா வீட்டிலிருந்து பாயும், பங்குக் கூடத்திலிருந்து பெரிய தவலையும் வந்தன. அடுத்த மாதம் தீர்த்தம் தெளித்து வீடு மந்திரிக்க வந்த ஃபாதர், குடும்பப் பதிவேட்டில் அந்த வீட்டுக்குப் பதிமூன்று பேர் என்று எழுதிக்கொண்டார். இப்போது காலையில் ஐந்து படி அரிசி களைகிறாள். சோறு பற்றாமல் போகிற நாளில் அவரைத்தான் திட்டுகிறாள்.